ஏழெட்டு அநாதைகளும் ஒரு கிரகமும்: ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ இரண்டாம் பாகம்

பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கும் இடத்திலேயே இயக்குநர் ஜேம்ஸ் கன் தாம் எந்த வகைப் படம் எடுத்திருக்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். பல கைகளும் வாய் நிறையப் பற்களும் கொண்ட ஒரு ராட்சத விலங்கோடு நாயகர்கள் உயிரைக் கொடுத்துப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை முழுவதும் பின்னணியில், மங்கலான உருவங்களின் அமளியாகவே நடக்கிறது. கேமரா பின்தொடர்வதோ, எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவின் 1977ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றுக்குத் தன்போக்கில் ஆடித் திரிகிற ஒரு சாண் உயர மரக்கன்றான க்ரூட்டை. வேறொரு சூப்பர்ஹீரோ படமாக இருந்தால் இடைவேளைக்கு முந்தைய பெரும் சண்டையாக வைத்திருக்கக்கூடிய ஒன்றை, இந்தப் படம் ஒரு குழந்தையின் நடனத்துக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிடுகிறது. அடுத்து வரும் இரண்டே கால் மணி நேரமும் ஏறத்தாழ இதே முறையில்தான் நகர்கிறது: கதை பின்னால் நிற்கிறது, கூட்டம் முன்னால் வருகிறது. படத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரே முடிவிலிருந்து பிறந்தவை என்பதால், படத்தை மதிப்பிடுவதென்பது பெரும்பாலும் அதன் நடிகர்களை ஒவ்வொருவராக மதிப்பிடுவதாகவே அமைந்துவிடுகிறது.

2014இல் முதல் பாகம் வந்தபோது, காமிக்ஸ் வாசகர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தக் குழுவின் பெயரே புதிது. துப்பாக்கி ஏந்திய ரக்கூன் விலங்கு ராக்கெட், மூன்றே சொற்கள் பேசும் மரம் க்ரூட், உவமையே புரியாத பயில்வான் டிராக்ஸ், பச்சை நிறக் கொலையாளி கமோரா, எழுபதுகளின் பாடல்களை வாக்மேனில் கேட்டபடி திரியும் பூமியின் திருடன் பீட்டர் குவில் என்று சேர்ந்த அந்தக் கூட்டம், உலகெங்கும் சுமார் 77 கோடி டாலர் வசூலித்தது. 2017 மே மாதம் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் வசூல் 86 கோடி டாலரைத் தாண்டியது. முதல் படத்தின் திரைக்கதையில் நிக்கோல் பெர்ல்மனும் பங்கேற்றிருந்தார்; இதை கன் தனியாகவே எழுதியிருக்கிறார். அந்தத் தனிமை படத்தில் தெரிகிறது. மார்வெல் நிறுவனத்தின் பெருந்திட்டத்துக்குள் இருந்துகொண்டு, அத்திட்டத்தின் அடுத்த படத்துக்கு விளம்பரம் செய்யும் வேலையைக் கூடியவரை ஒதுக்கிவைத்துவிட்டு, தம் மனிதர்களின் பழைய காயங்களை மட்டும் கிளறிப் பார்க்கிற ஒருவரின் படம் இது.

படத்தைப் பார்க்காதவர்கள் இனி வரும் பகுதிகளில் முக்கியத் திருப்பங்களும் சொல்லப்படும் என்பதை மனத்தில் கொள்க. பொன்னிற மேனி கொண்ட சாவரின் இனத்தாரிடமிருந்து ராக்கெட் சில மின்கலங்களைத் திருடிவிட, அவர்கள் துரத்தும்போது, முன்பின் அறியாத ஒருவர் வந்து எதிரிப் படையையே ஒரு கணத்தில் அழித்து இவர்களைக் காப்பாற்றுகிறார். அவர்தான் பீட்டர் குவிலின் தந்தை ஈகோ. ஒரு மனிதரல்லர், உயிருள்ள ஒரு கிரகம். குவிலும் கமோராவும் டிராக்ஸும் அவரோடு அந்தக் கிரகத்துக்குச் செல்ல, ராக்கெட்டும் க்ரூட்டும் உடைந்த கப்பலைச் சீர்செய்யவும் கைதியான கமோராவின் தங்கை நெபுலாவைக் காவல் காக்கவும் பின்தங்குகிறார்கள். அதன் பிறகு கதை என்று சொல்லத்தக்கது வெகுநேரம் நகர்வதில்லை. தந்தை நல்லவரா கெட்டவரா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படம் நிதானமாக உட்கார்ந்துவிடுகிறது. விறுவிறுப்பை நாடி வந்தவர்களுக்கு இந்த நடுப்பகுதி சோர்வளிக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தின் சிறந்த காட்சிகள் அனைத்தும் இந்தத் தேக்கத்துக்குள்தான் இருக்கின்றன.

முதல் பாகத்தில் ஐவரும் ஒரே அறையில் நின்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசியதுதான் சுவை. அதையே மறுபடி செய்யாமல், குழுவைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு எதிர்த்துணையை அமைத்தது திரைக்கதையின் துணிவான முடிவு. ராக்கெட்டுக்கு யோண்டு, கமோராவுக்கு நெபுலா, டிராக்ஸுக்கு ஈகோவின் உதவியாள் மாண்டிஸ், குவிலுக்கு ஈகோ. இந்த நான்கு இணைகளும் ஒரே தரத்தில் அமையவில்லை.

அவற்றுள் முதலிடம் ஐயத்துக்கு இடமின்றி யோண்டுவுக்கும் ராக்கெட்டுக்கும் உரியது. முதல் படத்தில் யோண்டு, விசிலடித்து அம்பை ஏவுகிற ஒரு நீலநிறக் கொள்ளைக்காரன், அவ்வளவுதான். குவிலைச் சிறுவயதில் கடத்தி வந்து, ‘தின்றுவிடுவேன்’ என்று மிரட்டியே வளர்த்தவன். இங்கோ, விண்வெளிக் கொள்ளையரான ராவேஜர் கூட்டங்களிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவனாக, தன் ஆட்களாலேயே கவிழ்க்கப்பட்டவனாக, வயது ஏறிய ஒரு தோல்வியாளனாக அவன் நம் முன் வருகிறான். மைக்கேல் ரூக்கர் 1986ஆம் ஆண்டின் ‘ஹென்றி’ படத்தில் தொடர்கொலையாளியாக நடித்துக் கவனம் பெற்றவர்; அதன் பிறகு பெரும்பாலும் முரடர்களையே ஏற்று வந்தவர். அந்த முரட்டுத்தனத்தை அவர் இங்கும் கைவிடவில்லை. சிறைக்கூண்டிலிருந்து தப்பிய பின் கப்பலில் ராக்கெட்டை நோக்கி, ‘உன்மீது அன்பு காட்டுகிறவர்களையே நீ ஏன் கடித்துத் துரத்துகிறாய் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நீயும் நானும் ஒன்று’ என்னும் பொருள்பட அவர் பேசுகிற இடம், எழுத்தளவில் பார்த்தால் சற்றே மிக வெளிப்படையான வசனம். பெற்றோரே கைக்குழந்தையை அடிமையாக விற்றுவிட்ட கதையை இன்னொரு நடிகர் கண்ணில் நீர் தேக்கிக்கொண்டு சொல்லியிருப்பார். ரூக்கர் அதை வசவு போலச் சொல்கிறார். கேட்பவனை ஆறுதல்படுத்தும் நோக்கம் துளியும் இல்லாத ஒரு குரல். அதனாலேயே அது ஆறுதலாகிறது.

எதிரே இருப்பது கணினி வரைகலையில் உருவான ஒரு விலங்கு என்பதை நாம் மறந்துவிடுவதற்கு இருவர் காரணம். குரல் பிராட்லி கூப்பருடையது. ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் ராக்கெட்டின் உயரத்துக்குக் குனிந்தும் குந்தியும் நடித்து, மற்றவர்கள் பார்த்துப் பேசுவதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தவர் இயக்குநரின் தம்பி ஷான் கன். அவரே யோண்டுவின் வலதுகை கிராக்லினாகவும் வருகிறார். குரல் கொடுத்தவரின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக இருக்கும், குந்தியவரின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கும்; இத்தகைய படங்களின் உழைப்புப் பங்கீட்டில் இது எழுதப்படாத நியதி.

இந்த இணை தொடர்பாகவே படத்தின் மிகச் சிக்கலான காட்சியையும் பேசியாக வேண்டும். டேசர்ஃபேஸ் என்பவன் தலைமையில் கப்பலில் கலகம் வெடிக்கிறது. யோண்டுவுக்கு விசுவாசமாக இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விண்வெளியில் தூக்கியெறியப்படுகிறார்கள். அந்தக் கொலைகளைப் படம் சிரிப்பின்றி, உறைந்து மிதக்கும் உடல்களோடு காட்டுகிறது. பிறகு யோண்டு, அம்பை இயக்க உதவும் தலைச்சிறகு ஒன்றைப் புதிதாகப் பொருத்திக்கொண்டு, அதை விசிலால் செலுத்தி, கப்பலில் உள்ளவர்களை அடுக்கடுக்காகக் கொன்று தீர்க்கிறான். இந்தக் கொலைகளுக்கோ ஒரு துள்ளலான அறுபதுகளின் காதல் பாட்டு ஒலிக்கிறது, சிவப்புக் கோடாக அம்பு வளைந்து செல்ல, உடல்கள் மேல்தளத்திலிருந்து அழகாக உதிர்கின்றன. படத்திலேயே கண்ணுக்கு இனிய காட்சி எதுவென்றால் இதுதான். திரையரங்கில் கைதட்டல் எழுந்ததும் இதற்குத்தான். முன்னதில் மரணம் மரணமாக இருக்க, பின்னதில் அது நடனமாவது எப்படி? நமக்கு வேண்டியவர்கள் செத்தால் சோகம், வேண்டாதவர்கள் செத்தால் கொண்டாட்டம் என்ற பழைய கணக்கைத்தான் கன் இங்கே போட்டிருக்கிறார். அந்தக் கணக்கை அவர் இவ்வளவு திறமையாகப் போடுகிறார் என்பது எனக்கு மகிழ்ச்சியையும் சங்கடத்தையும் ஒருங்கே தந்தது. எல்லாவற்றையும் கேலி செய்யத் தெரிந்த இந்தப் படத்துக்கு, தன்னுடைய இந்த இரட்டை அளவுகோலைக் கேலி செய்ய மட்டும் தோன்றவில்லை.

கமோராவும் நெபுலாவும் சேரும் பகுதி சிறியது, ஆனால் அடர்த்தியானது. இருவரையும் வளர்த்த கொடுங்கோலன் தானோஸ் அவர்களைச் சிறுமிகளாக இருந்தபோதே மோதவிட்டான்; ஒவ்வொரு முறை தோற்றபோதும் நெபுலாவின் உடலில் ஓர் உறுப்பைப் பிடுங்கி இயந்திரத்தைப் பொருத்தினான். தங்கையைச் சின்னாபின்னமாக்கியது வில்லனின் கொடுமை மட்டுமன்று, ஒவ்வொரு முறையும் வென்றே தீர வேண்டும் என்ற அக்காவின் பிடிவாதமும்தான் என்கிற இடத்தில் படம் தன் கதாநாயகி மீதே குற்றத்தைச் சுமத்துகிறது. ‘நீ ஜெயிக்க விரும்பினாய், எனக்கு ஒரு அக்கா போதுமாக இருந்தது’ என்று நெபுலா வெடிக்கும்போது, நீலமும் உலோகமும் பூசிய அந்த முகத்துக்குள்ளிருந்து கேரன் கிலன் ஒரு சிறுமியின் குரலை வெளியே கொண்டுவருகிறார். முதல் பாகத்தில் கோபம் என்ற ஒற்றைச் சுருதியில் நின்றுவிட்ட பாத்திரம் இங்கே உயிர் பெறுகிறது. ஜோயி சல்டானாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. மற்றவர்கள் கோமாளித்தனம் செய்யும்போது அதட்டுகிறவராகவும், குவிலின் காதலுக்கு இன்னும் பதில் சொல்லாதவராகவும் அவர் பெரும்பாலும் நிறுத்தப்படுகிறார். விண்கலத்தின் பீரங்கியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு சுடும் அந்த ஒரு காட்சியில் அவருக்குக் கிடைக்கும் ஆட்டம், படம் முழுவதும் கிடைத்திருக்க வேண்டியது.

டிராக்ஸாக வரும் டேவ் பாட்டிஸ்டா மல்யுத்த மேடையிலிருந்து வந்தவர். அவருடைய நகைச்சுவை நேரக்கணிப்பு இந்தப் பாகத்தில் அளவுக்கு அதிகமாகவே பயன்படுத்தப்பட்டுள்ளது. எதையும் நேர்ப்பொருளிலேயே புரிந்துகொள்ளும் அப்பாவியாக இருந்தவர், இங்கே தம் உரத்த சிரிப்பையும் கழிவறை நகைச்சுவையையும் நம்பி நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். மாண்டிஸை அழகற்றவள் என்று முகத்துக்கு நேரே சொல்லும் வேடிக்கை முதல்முறை சிரிப்பூட்டுகிறது, மூன்றாம் முறை கசக்கிறது. ஆயினும் இவ்விருவருக்கும் வாய்த்த ஒரு காட்சிக்காக இவை அனைத்தையும் மன்னிக்கலாம். இறந்துபோன மனைவியையும் மகளையும் நினைத்துக்கொண்டு டிராக்ஸ் அசையாமல் அமர்ந்திருக்கிறான். பிறர் மனத்தைத் தொட்டு உணரும் வல்லமை கொண்ட மாண்டிஸ் அவன்மேல் கை வைக்கிறாள். அவன் முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை, அவளோ தேம்பித் தேம்பி அழுகிறாள். துயரம் ஒருவருக்குள்ளும் கண்ணீர் இன்னொருவரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும் இந்த அமைப்பை விண்வெளிக் கதை ஒன்றில்தான் காட்ட முடியும். பாம் கிளெமென்டிஃப் தம் பெரிய விழிகளால் மட்டுமே இந்த இடத்தைத் தாங்கியிருக்கிறார்.

குவில், ஈகோ இணையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும், அது எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை என்பதே என் முடிவு. கர்ட் ரஸலின் தேர்வில் குறை காண இயலாது. எண்பதுகளின் சாகசப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு பையன், தனக்கு எப்படிப்பட்ட அப்பா வேண்டுமென்று கனவு கண்டிருப்பானோ, அந்த உருவமே நேரில் வந்து நிற்பதுபோல் இருக்கிறார். 1980ஆம் ஆண்டு மிசூரியில் நடக்கும் முதல் காட்சியில் ஒப்பனையும் கணினியும் சேர்ந்து அவரை இளைஞராக்கியிருக்கும் விதம் வியப்பூட்டுவது. அவருடைய மிகச் சிறந்த தருணம், ‘லுக்கிங் கிளாஸ்’ குழுவின் பழைய பாடலை மகனுக்கு விளக்கும் இடம். கரையில் காத்திருக்கும் பெண்ணைவிடக் கடலையே பெரிதாக நேசித்த மாலுமியின் பாடல் அது. அம்மாவுக்குப் பிடித்த அந்தப் பாட்டையே, அம்மாவைக் கைவிட்டதற்கான நியாயமாக அப்பா மகனிடம் நீட்டுகிறார். முதல் படத்தில் பாடல்கள் சூழலுக்குச் சுவை கூட்டின. இங்கே ஒரு பாடலே வாதமாகவும் பொய்ச்சாட்சியாகவும் மாறுகிறது. இசைப் பயன்பாட்டில் இந்தப் பாகம் முன்னேறியிருப்பது இந்த ஓரிடத்திலேனும் உறுதி.

சிக்கல் கிறிஸ் பிராட்டின் பக்கம்தான் இருக்கிறது. தொலைக்காட்சி நகைச்சுவையில் பழகிய அவருக்கு, குவிலின் வாய்ச்சவடால் இயல்பாக வருகிறது; தந்தையைக் கண்ட மகனின் பரவசம் அவ்வளவு இயல்பாக வரவில்லை. ஒளிப்பந்தை வைத்து அப்பாவும் மகனும் பந்து பிடித்து விளையாடும் காட்சி அமெரிக்கத் திரைப்படங்களின் தேய்ந்துபோன பாச அடையாளம். அதைக் கேலியாகவும் உண்மையாகவும் ஒரே நேரத்தில் ஆட வேண்டிய இடத்தில் அவர் இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுகிறார். ஆனால் ஓர் இடத்தில் அவர் முழுமையாக வெல்கிறார். குவிலின் தாய்க்கு மூளையில் கட்டி வந்தது தன் செயலே என்பதை ஈகோ ஏதோ வருத்தத்தோடு செய்த சிறு தியாகம்போல வாய்தவறிச் சொல்கிறார். அடுத்த நொடி குவில் கைத்துப்பாக்கிகளை எடுத்துச் சுடத் தொடங்குகிறான். வசனமில்லை, தயக்கமில்லை, ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்ற கேள்விகூட இல்லை. அண்டத்தையே ஆளும் ஆசைகாட்டல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் சரிந்துவிட்டதை, பேச்சுக்கு இடம் கொடுக்காமல் காட்டியது அருமையான தீர்மானம்.

படம் மற்ற இடங்களிலும் இதே கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்திருக்கலாம். ஏறக்குறைய ஒவ்வொரு பாத்திரமும் தன் காயம் எது, அது எப்படி உண்டானது, அதனால் தான் எவ்வாறு கெட்டுப்போனது என்பதை முழு வாக்கியங்களில் எடுத்துரைக்கிறது. ஒருவர் அப்படிப் பேசினால் மனம் திறத்தல். நால்வர் வரிசையாகப் பேசும்போது, எழுத்தாளர் நம் புரிதலை நம்பவில்லை என்று தோன்றிவிடுகிறது. நகைச்சுவையிலும் இதே மிகை உண்டு. டேசர்ஃபேஸ் என்ற பெயரைக் கேட்டு எல்லோரும் சிரிப்பது ஒருமுறைக்குப் போதுமான வேடிக்கை. அது அவன் சாகும் தறுவாய் வரை இழுக்கப்படுகிறது. குண்டு வெடிக்கச் சில நிமிடங்களே இருக்கையில், ஒட்டும் டேப் யாரிடமாவது இருக்கிறதா என்று குவில் வானில் மிதந்தபடி ஒவ்வொருவரிடமும் விசாரிக்கும் பகுதி பதற்றத்தையும் சிரிப்பையும் சேர்த்தே கூட்டுகிறது. தந்தையோடு நடக்கும் இறுதி மோதலின் நடுவே அவன் பேக்மேன் விளையாட்டின் உருவெடுப்பதோ, கட்டிவைத்த உணர்ச்சியைத் தானே கலைத்துக்கொள்ளும் செயல்.

சாவரின் இனத்தாரின் தலைவி ஆயிஷாவாக எலிசபெத் டெபிக்கி பொற்சிலைபோல் நிமிர்ந்து, அவமானத்தைக் கண்ணிமையில் காட்டுகிறார். அவருக்குக் கதையில் துரத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவருடைய வீரர்கள் போர்க்களத்துக்கே போகாமல், வீடியோகேம் கூடத்தில் அமர்ந்திருப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்து ஆளில்லா விமானங்களை இயக்குவதும், தோற்றவனைச் சுற்றி மற்றவர்கள் கூடிப் புலம்புவதும் நல்ல கற்பனை. சில்வெஸ்டர் ஸ்டாலோன் ராவேஜர் தலைவர் ஸ்டாகராக வருகிறார். யோண்டுவை ஒதுக்கிவைத்தவரும் அவர்தான், பின்னர் மனம் மாறுகிறவரும் அவர்தான். இந்த இரண்டுக்கும் இடையில் அவரை நாம் பார்ப்பதே இல்லை என்பதால், மனமாற்றத்தின் எடை முழுவதையும் அவருடைய புகழே சுமக்க வேண்டியிருக்கிறது.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹென்றி பிரஹாம் 8கே கேமராவில் ஒளிப்பதிவு செய்திருக்கும் இப்படத்தின் வண்ணங்கள், சாம்பல் பூத்த பிற சூப்பர்ஹீரோ படங்களுக்கு நடுவே தனித்து நிற்கின்றன. காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஈகோவின் கிரகத்தில் காட்டப்படும் நீரூற்றுகளும் மலர்களும் வண்ண நாட்காட்டிப் படங்களைப்போல் சற்றுத் திகட்டுவது, உள்நோக்கத்தோடு செய்யப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. தன்னைத் தானே அலங்கரித்துக்கொள்ளும் ஒருவனின் ரசனை அப்படித்தானே இருக்கும். ஆனால் அந்தக் கிரகம் இடிந்து சிதறும் கடைசி அரைமணி நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு தூரம் கடக்க வேண்டும் என்ற இடவுணர்வு அடிக்கடி தொலைந்துபோகிறது. அந்தப் புழுதிக்கு நடுவிலிருந்து யோண்டுவின் முடிவு எழுந்து வருவதால்தான் அது தாங்கத்தக்கதாகிறது. இருப்பது ஒரே விண்வெளி உடை. அதைக் குவிலுக்குப் பொருத்திவிட்டு, உன்னைப் பெற்றவன் வேறாக இருக்கலாம், அப்பன் நான்தான் என்று சொல்லாமல் சொல்லி உறைந்துபோகிறான், மிரட்டி வளர்த்த அந்தத் திருடன். முன்பு குவிலைப் பற்றிய படமாகத் தெரிந்தது, இங்கு வரும்போது யோண்டுவின் படமாகிவிடுகிறது. பெயர்ப்பட்டியலின் தலைப்பில் உள்ள நாயகனைவிட, நடுவில் எங்கோ இருக்கும் ரூக்கரை நினைத்துக்கொண்டு வெளியே வருவது இப்படத்துக்கு ஒரு குறையன்று.

பெயர்கள் ஓடும்போதும் அதற்குப் பின்னும் ஐந்து துணுக்குக் காட்சிகள் வருகின்றன. எழுந்து போய்விட வேண்டாம். 1969இல் வெளிவந்த ஆதி காமிக்ஸ் குழுவை அறிந்தவர்களுக்காக ஸ்டாலோனையும் மிஷல் யோவையும் ஒன்றுகூட்டும் துணுக்கு, அந்த வாசகர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. மிஷல் யோவை அழைத்துவந்து இவ்வளவு சிறிதாகப் பயன்படுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. பதின்பருவத்தை அடைந்த க்ரூட்டின் அறைக்குள் குவில் நுழையும் துணுக்கு வேறு வகை: தரையெங்கும் கொடிகள் பரவிக் கிடக்க, கைக்கருவியில் விளையாடிக்கொண்டு நிமிர்ந்தும் பார்க்காத மரத்திடம், அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கத்தி ஓய்ந்து, யோண்டுவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது என்று அவன் சலித்துக்கொள்கிறான். பிராட் படம் முழுவதும் தேடிய சுருதி இந்த அரை நிமிடத்தில் கச்சிதமாகக் கூடிவந்திருக்கிறது.